மூன்று புள்ளிகள்

கௌனாஸில் பிப்ரவரி.
அச்சகத்தின் மூன்றாம் மாடியில்
வெந்நீர்க்குழாய் இருமிக்கொண்டே இருக்கிறது.
பள்ளியில் கட்டாயத்துக்குப் படித்த நாவலின்
பதினான்காம் பதிப்புக்கு
இப்போது சம்பளத்துக்குப் பிழை பார்க்கிறேன்.

அன்று எங்களைக் கேட்டதெல்லாம்
எல்ஷ்பியெதா ஏன் திரும்பி வரவில்லை,
க்ளெமென்சாஸ் பண்ணையை விற்றது சரிதானா,
இந்த இரண்டுதான்.
பெனிக்னாஸ் என்று ஒருவர் இருந்தது
கேள்வித்தாளுக்குத் தெரியாது.

பண்ணைக்குப் பழைய உடையவர் அவர்.
சீட்டாட்டத்தில் பாதி, யாருக்கோ போட்ட
ஜாமீன் கையெழுத்தில் மீதி
என்று எல்லாம் போக,
அண்ணன் மகன் தயவில் மிஞ்சியது
குதிரை லாயத்துக்கு மேலே ஓர் அறை.
கூப்பிட மணிக்கயிறு உண்டு.
அதன் மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை என்று
ஒரே வரியில் சொல்லிவிட்டு
நாவலாசிரியர் கம்பு அறுவடைக்குப் போய்விடுகிறார்.

எண்ணிப் பார்த்தேன், எண்ணுவது என் தொழில்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
அவர் வாய் திறப்பது பதினேழு தடவை.
பதினாறு, மூன்று புள்ளியில் முடிகின்றன.
"நான் என்ன நினைக்கிறேன் என்றால்…"
"அந்த ஓடைக்கரை நிலத்தைப் பொறுத்தவரை…"
அதற்குள் யாராவது உப்பைக் கேட்கிறார்கள்.
நாய் குரைக்கிறது. எல்ஷ்பியெதா சிரிக்கிறாள்.
முற்றுப்புள்ளி வாய்த்தது ஒரே ஒரு பேச்சுக்கு:
"கதவைச் சாத்துங்கள். குளிர்கிறது."
அதற்கும் யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை.

முன்னுரையில் பேராசிரியர் எழுதுகிறார்,
வீழும் வர்க்கத்தின் குறியீடாம்.
இருக்கலாம்.
குறியீட்டுக்கு மூட்டு வலிக்குமா?
ஏழாம் அத்தியாயத்தில் இழுப்பது இடக்கால்,
பத்தொன்பதில் வலக்கால்.
பதின்மூன்று பதிப்பாக
எந்தக் கால் ஐயா என்று கேட்க ஆளில்லை.

முப்பத்தொன்றில் செத்துப்போகிறார்.
அதற்கென்று முழு வாக்கியம்கூட ஒதுக்கவில்லை:
"பெனிக்னாஸ் போய்ச் சேர்ந்த அந்தக் குளிர்காலத்தில்தான்
க்ளெமென்சாஸ் புதிய சறுக்குவண்டி வாங்கினான்."
எழுவாய், வண்டி வாங்கியவன்.
சாவு, வெறும் பெயரெச்சம்.

நேற்று மாலை நாற்பதாம் அத்தியாயம்.
எல்ஷ்பியெதா இரவோடு இரவாக
வீட்டை விட்டுப் போகும் பக்கம்.
நாடே அழுத பக்கம். பதினாறு வயதில்
கம்பளிக் கையுறையைக் கடித்துக்கொண்டு நானும் அழுதேன்.
"முன்கூடத்தில் விளக்கில்லை.
கிழவர் பெனிக்னாஸ் மேலங்கியை நீட்டினார்.
வாங்கிக்கொண்டு அவள் பனிக்குள் இறங்கினாள்."

பென்சில் நின்றுவிட்டது.

ஒன்பது அத்தியாயத்துக்கு முன்பு செத்தவர்
அங்கியும் கையுமாக நிற்கிறார்.
மாயமில்லை, மந்திரமில்லை, எழுதியவருக்கு மறதி.
இருட்டில் ஒரு பெண்ணிடம் அங்கி கொடுக்க
ஒரு கை தேவைப்பட்டிருக்கிறது,
எட்டிய கை அவருடையது.
எங்கள் கண்ணெல்லாம் அவள்மேல்.
அங்கி எங்கிருந்து வந்தது என்று
நூறு வருஷமாக ஒருவரும் பார்க்கவில்லை.

ஸெனோனாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"'வேலைக்காரர்' என்று மாற்றிவிடேன்,
ஒரு சொல்தானே. வெள்ளிக்கிழமை அச்சு."
அவன் சொல்வது நியாயம்தான்.
திரும்பி வந்து அடித்தேன்:
பெயரின் நடுவே ஒரு நேர்க்கோடு,
ஓரத்தில் மாற்றுச்சொல்.

இங்கே ஒரு தொழில் வழக்கம் சொல்ல வேண்டும்.
அடித்ததை வேண்டாமென்று நினைத்தால்
நாங்கள் அழிப்பதில்லை.
அந்தச் சொல்லுக்கு அடியில்
புள்ளி வைப்போம்.
இது இப்படியே இருக்கட்டும் என்று பொருள்.

ஆறரை மணிக்குத் தெருவிளக்கு வந்தது.
அவர் பெயருக்குக் கீழே வைத்தேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.

ஸெனோனாஸ் கத்துவான், கத்தட்டும்.
கால் விஷயம்தான் இன்னும் தீரவில்லை.
இடது என்று போட்டிருக்கிறேன்,
இப்போதைக்கு.